அம்மை வீட்டில் எண்ணெய் ஆகாது

உடல் தகுதித் தேர்வுக்கு அழைப்பு வந்த அன்று எங்கள் வீட்டில் முதலில் பேசப்பட்டது என் நிறம். காவலர் வேலைக்கான எழுத்துத் தேர்வில் தேறியிருந்தேன். இன்னும் பன்னிரண்டு நாளில் விருதுநகரில் ஓடிக் காட்ட வேண்டும். ஒரு நல்ல வார்த்தை கிடைக்கும் என்று நினைத்துக் கடிதத்தை அம்மாவிடம் நீட்டினேன். அம்மா கடிதத்தைப் பார்த்தாள், அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னும் பன்னெண்டு நாளு வெயில்ல கெடந்து ஓடுனா அடுப்புக்கரியாத்தான் வந்து நிப்ப" என்றாள்.

"ஓடத்தானம்மா கூப்பிட்ருக்காக. பொண்ணு பாக்கவா கூப்பிட்ருக்காக?"

"வேல கெடச்சுட்டா கல்யாணம் வேண்டாமாக்கும்."

அப்பா அருப்புக்கோட்டை பஜாரில் இரும்புக் கடை வைத்திருக்கிறார். மதியம் சாப்பிட வந்தவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். "இது ரெண்டாவது தடவ தாயி. இந்தத் தடவ கெடைக்கலைன்னா ஓட்டத்த விட்ரணும். மாப்பிள்ள பாத்துருவேன்" என்றார். சரி என்று வாக்குக் கொடுத்தேன். கொடுக்கும்போது எனக்குத் துளியும் பயமில்லை. போன தடவை எழுத்துத் தேர்விலேயே கோட்டைவிட்டவள் நான். ஓட்டம் எனக்குப் பிரச்சினையே இல்லை. காலை ஆறு மணிக்கும் சாயங்காலம் நாலு மணிக்கும் மைதானத்தில் இருப்பேன். குறித்த நேரத்துக்குள் கோட்டைத் தாண்டிவிட்டு, இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கி, பின்னால் வருகிறவர்களை வேடிக்கை பார்க்க எனக்கு நேரம் மிச்சமிருக்கும்.

அம்மா என் நிறத்தைப் பற்றி அத்தையிடம் சொல்லியிருக்கிறாள். அங்கேதான் ஆரம்பித்தது வினை.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. பாளையம்பட்டியில் இருக்கிறார். அவர் ஒன்று சொன்னால் அப்பா மறுபேச்சுப் பேச மாட்டார். அம்மா, மதினி சொன்னால் சரியாக இருக்கும் என்று அதற்கு மேல் ஒரு பங்கு தலையாட்டுவாள். இரண்டு வருடமாக அத்தை வாசனை எண்ணெய் வியாபாரம் செய்கிறார். சின்னச் சின்னப் பழுப்பு நிறக் கண்ணாடிப் புட்டிகள், மூடியில் சொட்டுக்குழாய். பெண்கள் அதை 'ஆயிலு' என்றுதான் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அத்தை வீட்டு மாடியில் கூட்டம் நடக்கும். காகிதத் துண்டுகளில் ஒவ்வொரு சொட்டாக வைத்து மோந்து பார்க்கக் கொடுப்பார். தூக்கம் வராதவர்களுக்கு லேவண்டர், தலைவலிக்கு யூகலிப்டஸ், பருவுக்கு ஒன்று, மனக்கஷ்டத்துக்கு ஒன்று. எந்தக் கஷ்டம் என்றாலும் அத்தையின் பையில் ஒரு புட்டி இருக்கும்.

பொய் சொல்ல மாட்டேன், நானும் வாங்கியிருக்கிறேன். தலையணையில் இரண்டு சொட்டு லேவண்டர் விட்டுப் படுத்தால் நன்றாகத்தான் இருந்தது. நாள் முழுக்க மூஞ்சியில் புழுதியும் அனலும் வாங்கியவளுக்கு ராத்திரி ஒரு நல்ல வாசனை கிடைப்பது பெரிய விஷயம். எண்ணெய் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் கிடையாது.

கடிதம் வந்து நான்கு நாள் கழித்து அத்தை வந்தார். "மருமகளே, போலீசாகப் போற, கொஞ்சம் வெளுப்பாப் போனா என்ன?" என்று சிரித்துக்கொண்டே பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்தார். எலுமிச்சைத் தோலிலிருந்து பிழிந்த எண்ணெய். மூடியைத் திறந்ததும் வீடே மணத்தது.

"வெயிலுக்குப் போறதுக்கு முன்னாடி தேச்சு விடு ஆத்தா" என்று அம்மாவிடம் சொன்னார். "வெயிலு அண்டவே அண்டாது. இருக்கிற கறுப்பும் எறங்கிரும். ரெண்டே ரெண்டு சொட்டு, தேங்காயெண்ணெயில கலந்து."

வெயிலுக்குப் போவதற்கு முன்னால். இந்த வார்த்தையை அவர் சொன்னதை நான் என் இரண்டு காதாலும் கேட்டேன். அதனால்தான் இத்தனை அழுத்தமாக எழுதுகிறேன். 'சொன்னார்' என்று மரியாதையாக எழுதுவதுகூடக் கை பழகிப்போன பழக்கம்தான்.

அம்மா கை தாராளமான கை. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வீட்டில் இரண்டு சொட்டு எந்த மூலைக்கு? மறுநாள் மூன்று மணிக்கு நான் ஓடக் கிளம்பும்போது உள்ளங்கையில் ஊற்றி, எதிலும் கலக்காமல், வலது கன்னத்திலும் காதுக்குக் கீழேயும் பின்கழுத்திலும் அழுத்தித் தேய்த்துவிட்டாள். சுருக்கென்றது. சண்டை போட்டால் மைதானத்துக்கு நேரமாகிவிடும் என்று கழுத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன். அதற்கு அடுத்த நாளும் நின்றேன். பங்குனி வெயிலில் இரண்டு நாளும் அந்த எண்ணெயோடு ஓடினேன்.

மூன்றாம் நாள் காலையில் எழுந்தபோது வலது பக்கம் தீப்பிடித்த மாதிரி எரிந்தது. மத்தியானத்துக்குள் கன்னத்திலும் கழுத்திலும் நீர் கோத்துக் கொப்புளம் கிளம்பிவிட்டது. அம்மா பார்த்ததும் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள். "ஆத்தா வந்துருக்கா" என்றாள்.

பங்குனி மாதம், எங்கள் பக்கத்துத் தெருவில் ஏற்கெனவே இரண்டு வீட்டில் அம்மை. அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை, முதல் அரை மணி நேரம் நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு செல்போனில் கழுத்தைப் படமெடுத்துப் பார்த்தேன். பின்கழுத்தில் நான்கு பட்டை, ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக. அம்மாவின் விரல் போன வழி. ஒரு பட்டையிலிருந்து கீழே வழிந்த கோடுகூட அப்படியே கொப்புளமாக இருந்தது. முதுகில் ஒன்றுமில்லை, வயிற்றில் ஒன்றுமில்லை, கை கால் எங்கும் ஒன்றுமில்லை.

"அம்மா, இதப் பாரு. அம்ம விரல் வச்சுக் கோடு போட்டா வரும்? நீ தேச்ச எடத்துல மட்டுந்தான் வந்துருக்கு. டாக்டர்கிட்டப் போவோம்."

"வாயக் கழுவு. ஆத்தா வந்த ஒடம்புல ஊசி போட்டா வீட்டுக்கு ஆகாது."

"ஆறாம் நாளு ஓடணும்மா."

"ஏழாம் நாளு தண்ணி ஊத்தாம வாசலத் தாண்டக் கூடாது" என்றாள்.

அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. தேர்வு ஆறாம் நாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது ஏழாம் நாள். என் ஒரு வருட ஓட்டத்தை வேப்பிலைக் கொத்து ஒன்று வாசலில் தொங்கி நிறுத்தப் போகிறது.

சாயங்காலமே அத்தை வந்தார். ஒரு கட்டு வேப்பிலை, நாலு இளநீர். என் அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். என் கழுத்தைப் பார்த்த நொடியில் அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். பக்தி என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். கும்பிட்டுவிட்டு அம்மாவிடம், "தாளிக்காத. எண்ணெச் சட்டிய அடுப்புல ஏத்தாத. அம்ம வீட்டுல எண்ணெ ஆகாது, அந்த ஆயில் பாட்டிலையும் எடு, நான் கொண்டு போயிர்றேன்" என்றார். அம்மா ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தாள். எலுமிச்சைப் புட்டி அதன் அட்டைப்பெட்டியோடு அத்தையின் பைக்குள் போனது.

மூன்று நாள் அறைக்குள் கிடந்தேன். உப்பில்லாத கூழ், இளநீர், மோர். ராத்திரி காய்ச்சல் அடித்தது. கன்னத்துக் கொப்புளம் இரண்டு தலையணையில் உரசி உடைந்துவிட்டது. பகலில் நின்ற இடத்திலேயே ஓடிப் பார்த்தேன். இருபது எண்ணுவதற்குள் கண் இருட்டியது. சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வலிக்காக இல்லை, ஆத்திரத்தில். நாள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது, எனக்குத் தெரிந்த உண்மையை என் வீட்டில் ஒருவர்கூடக் காதில் வாங்கவில்லை என்றால் வயிறு எரியாதா?

நான்காம் நாள் அம்மாவின் செல்போனை வாங்கினேன். புட்டியின் மேல் என்ன எழுதியிருக்கும் என்று பார்க்கலாம், அத்தை குரூப்பில் படம் போட்டிருப்பார் என்று நினைத்தேன். அந்த வாட்ஸப் குரூப்பிலிருந்து நான் எப்போதோ வெளியே வந்துவிட்டேன். அம்மா இருக்கிறாள், ஆனால் திறந்தே பார்க்க மாட்டாள். படம் தேடிக்கொண்டு மேலே போனவளுக்கு அத்தை போட்டிருந்த ஒரு செய்தி கண்ணில் பட்டது.

அன்பு சகோதரிகளுக்கு, எலுமிச்சை ஆயில் தேய்த்துக்கொண்டு வெயிலில் போக வேண்டாம். ஒருவருக்குக் கொப்புளம் வந்திருக்கிறது. பார்க்க அம்மை மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம். தேய்த்தவர்கள் அன்று முழுவதும் வீட்டுக்குள்ளேயே இருக்கவும்.

கீழே இரண்டு ரோஜாப்பூ, ஒரு கும்பிடு. எனக்குக் கொப்புளம் வருவதற்கு முந்தின நாள் மத்தியானம் போட்டது. அதாவது இரண்டாம் தடவை அம்மா எனக்குத் தேய்த்துவிடுவதற்கு முன்னால். ஒரு போன், ஒரே ஒரு போன் போட்டிருந்தால் போதும். அவர் போடவில்லை. அதுகூடப் போகட்டும், மறதி என்று வைத்துக்கொள்ளலாம். மறுநாள் வேப்பிலைக் கட்டோடு வந்து என் கழுத்தைப் பார்த்தாரே, அப்போது அவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் கும்பிட்டார். தெரிந்துதான் புட்டியை வாங்கிக்கொண்டு போனார்.

அன்று முழுவதும் வீட்டுக்குள் இருக்க வேண்டுமாம். இந்த ஊரில்! மிளகாய் பறிக்கப் போகிறவள் எந்த வீட்டுக்குள் இருப்பாள்? மல்லாங்கிணறு ஸ்டாப்பில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மரத்து நிழல்கூட இல்லாமல் நிற்கிறவள் எங்கே போய் ஒளிவாள்? வெயிலைத் தவிர வேறெதுவும் தாராளமாகக் கிடைக்காத ஊருக்கு வெயிலில் போகக் கூடாத எண்ணெயைக் கொண்டுவந்து, வெயிலுக்கு முன்னால் தேய் என்று சொல்லி விற்றிருக்கிறார்.

செய்தியை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். படித்துவிட்டுச் செல்போனைக் கவிழ்த்து வைத்தார்.

"அக்கா தெரிஞ்சு செஞ்சிருக்க மாட்டாக."

"தேதியப் பாருங்கப்பா."

"சரி தாயி, ஆயிலாவே இருக்கட்டும். தெருவுக்கே அம்மைன்னு சொல்லியாச்சு. இப்ப இல்லைன்னா அக்காவுக்குல்ல அசிங்கம். ஏழு நாளு போகட்டுமே."

அக்காவுக்கு அசிங்கம். மகளுக்கு வேலை போவது அதற்கு அடுத்ததுதான். அதற்கு மேல் பேசினால் வாயில் என்ன வரும் என்று எனக்கே தெரியாது.

அம்மாவைக் கூப்பிட்டு என் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்தேன். அத்தைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அம்மாவைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தேன்.

"என்ன மருமகளே, கொப்புளம் எறங்கிருச்சா?"

"அத்த, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். எலுமிச்ச ஆயிலு போட்டா அம்ம மாதிரிக் கொப்புளம் வரும்னு குரூப்புல போட்ருக்கீகள்ல. எனக்கு வந்தது அம்மையா, ஆயிலா?"

அத்தை குரலைத் தாழ்த்தினார். "பக்கத்துல யாரும் இருக்காகளா?" என்றார்.

"நான் மட்டுந்தான்" என்று பொய் சொன்னேன்.

"இங்க பாரு தாயி. ஒன் ஒருத்திக்காக இத வெளிய சொன்னா, இத்தன வீட்டுல குடுத்துருக்கேன், எம்பேரு என்னத்துக்கு ஆகும்? போலீசு வேல அடுத்த வருசமும் வரும். போன பேரு வருமா? ஏழாம் நாளு தண்ணி ஊத்திட்டா எல்லாம் சரியாப் போயிரும். ஒங்கம்மாகிட்ட ஒண்ணும் சொல்லாத, அது வெள்ளந்தி."

போனை வைத்தேன். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். வடசட்டி அடுப்பில் ஏறும் சத்தம் கேட்டது. எண்ணெய் ஊற்றினாள். கடுகு வெடித்தது, வரமிளகாயும் கறிவேப்பிலையும் விழுந்தன. நாலு நாளாகத் தாளிப்பு வாசனை இல்லாத வீட்டிலிருந்து அந்த நெடி கிளம்பித் தெருவுக்குப் போனது.

பக்கத்து வீட்டுக்கார அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பதறிப்போய்க் கேட்டார்: "என்னத்தா இது, அம்ம வீட்டுல தாளிக்க?"

"எங்க வீட்டுல அம்ம இல்ல" என்றாள் அம்மா.

"என்ன சொல்ற நீ?"

"எங்க வீட்டுல அம்ம இல்ல. மதினி குடுத்த ஆயிலு எம்மக மூஞ்சிய வேக வச்சிருச்சு." நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

மறுநாள் காலையில் டாக்டரிடம் போனோம். டாக்டரம்மா என் கழுத்தைப் பார்த்ததுமே என்ன எண்ணெய் தேய்த்தீர்கள் என்று கேட்டார். எலுமிச்சைத் தோல் எண்ணெய் பட்ட இடத்தில் வெயில் பட்டால் தோல் வெந்துபோகும் என்றார். இப்படிப்பட்ட எண்ணெய் எதுவானாலும் அப்படியே தேய்க்கக் கூடாது, வேறு எண்ணெயில் நிறையக் கலந்து, முதலில் முழங்கைக்கு உள்பக்கம் வைத்து ஒரு நாள் பார்க்க வேண்டும் என்றார். கண்ணில் பட்டிருந்தால் இன்னும் மோசம் என்றார். புண்ணில் சீழ் பிடித்திருந்தது. "அன்னைக்கே வந்திருக்கலாமே?" என்று கேட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன்.

அம்மா டாக்டரிடம், "இந்தக் கறுப்பு போயிருமாம்மா?" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் எழுந்து வெளியே போய்விட்டேன். மறுநாள் ஓட முடியுமா என்று கேட்கத் தோன்றவில்லை அவளுக்கு. கறுப்புப் போக மாதக்கணக்காகும் என்று டாக்டர் சொன்னது எனக்கு வாசலில் கேட்டது.

ஆறாம் நாள் நான் விருதுநகர் மைதானத்தில் நின்றேன். அம்மாவும் கூட வந்தாள். கழுத்தில் கட்டு, கன்னத்தில் களிம்பு. என் வரிசையில் நின்ற பெண்களில் பாதிப் பேரையாவது நான் சாதாரணமாக முந்தியிருப்பேன். விசில் ஊதியதும் நன்றாகத்தான் கிளம்பினேன். முதல் வளைவு வரை என் ஓட்டம் ஓடினேன். அதற்கப்புறம் கால் என்னுடையதாக இல்லை. வியர்வை கட்டுக்குள் இறங்கிக் கழுத்து எரிந்தது, நாலு நாள் கூழ் குடித்த வயிறு இழுத்துப் பிடித்தது. கடைசி வளைவில் என்னைத் தாண்டிப் போனவர்களை எண்ணுவதை விட்டுவிட்டேன். கோட்டைத் தாண்டி மண்ணில் உட்கார்ந்தபோது, குறித்த நேரத்துக்கு மேல் மூன்று வினாடி ஆகிவிட்டது என்றார்கள். நான் ஒருநாளும், ஒரேயொரு நாளும், அந்த நேரத்தைத் தாண்டியதில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது அம்மா என் கையைப் பிடித்தாள். நான் கையை எடுத்துக்கொண்டேன். பாவமாக இருந்தது, ஆனாலும் எடுத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தார், ஒன்றுமே நடக்காத மாதிரி. நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். அப்பாவைப் பார்த்துச் சொன்னார்: "எனக்கு அப்பவே தெரியும். தண்ணி ஊத்தாம வாசலத் தாண்டுனா ஆத்தா சும்மா விடுவாளா? ஓட விடாம அடிச்சுப் போட்டுட்டா பாரு. தெருவுல அத்தன பேரும் அதத்தான் சொல்றாக."

உண்மைதான், அத்தனை பேரும் அதைத்தான் சொன்னார்கள். நான் தோற்றதே அது அம்மைதான் என்பதற்குச் சாட்சியாகிவிட்டது. அம்மா தாளித்ததும் கத்தியதும் எல்லாம் வீண்.

அத்தை பையைத் திறந்து ஒரு லேவண்டர் புட்டியை எடுத்து வைத்தார். "இதத் தெனமும் தேச்சு விடு. மாப்பிள்ள வீட்டுக்காரவுக வர்றதுக்குள்ள அந்தக் கறுப்பு எறங்கிரும்."

"ஆத்தா மேல பழியப் போடாதீக அத்த" என்றேன். "ஆத்தா எங்க வீட்டுக்கு வரவே இல்ல. வந்தது நீங்க."

அத்தையின் முகம் வெளிறிவிட்டது. அப்பா எழுந்துவிட்டார். "பெரியவுககிட்டப் பேசுற பேச்சா இது? மன்னிப்புக் கேளு."

நான் கேட்கவில்லை. அம்மா லேவண்டர் புட்டியை எடுத்து அத்தையின் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள். "நான் நல்லதுக்குத்தானப்பா குடுத்தேன்" என்று அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பா அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு அக்காவை பஸ் ஏற்றிவிடப் போனார்.

திரும்பி வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "வாக்குக் குடுத்துருக்க. ஞாபகம் இருக்குல்ல?" என்றார்.

"இருக்கு. அது எங்கால நம்பிக் குடுத்த வாக்கு. ஒங்க அக்கா பாட்டில நம்பிக் குடுத்ததில்ல. அவுக எடுத்துக்கிட்ட மூணு வினாடியத் திருப்பித் தரச் சொல்லுங்க, ஓட்டத்த இன்னைக்கே விட்டுர்றேன்."

அப்பா குனிந்து செருப்பைக் கழற்றினார். மறுநாள் காலை ஐந்தரைக்கு நான் ஓடக் கிளம்பியபோது அவர் விழித்துத்தான் படுத்திருந்தார்.